மட்டமான யோசனை கேட்டவர்

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலேயே போனை எடுத்தேன். ஜீப் ஓட்டும் முருகன். "அண்ணே, பிலோமினா மேடம் தவறிட்டாக. நெஞ்சு வலின்னு தேனிக்குக் கொண்டுபோற வழியிலயே..." என்றான். "எந்த பிலோமினா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிலோமினாதான். வேறு யாராவதாக இருந்துவிடக் கூடாதா என்ற நப்பாசையில் கேட்டிருப்பேன் போல.

அவரோடு ஒரு கூட்டத்திலாவது தரையில் வட்டமாக உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித்தான் அவரைத் தெரிய வேண்டும் என்பதில்லை. பத்தாவதோடு நின்றவன், கம்பத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவன், எழுத வந்ததே அதிகம். பேசலாமென்றால் வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

பிலோமினா திராட்சைப் பெட்டிக்குப் படம் வரைவார். கல்யாண மேடை அமைப்பார். மாதா கோயில் சப்பரத்துக்கு விளக்கு அலங்காரம் செய்வார். "உண்மையில நீங்க என்ன வேலைதான் பாக்குறீக?" என்று ஒருநாள் கேட்டேன். "என்ன வேணும்னு அவுகளுக்கே தெரியாதப்போ என்னையக் கூப்பிடுவாக. அதாண்ணே என் வேலை" என்றார்.

மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் விடியுமுன்னே ஜீப்புக்காக ரோட்டோரம் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு நிழற்குடை கட்ட ஊரில் முடிவானது. வடிவமைப்பு அவர், இரும்பு வேலை நான். கூட்டம் தொடங்குமுன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, நான் கேட்டதும் நீங்கதான் மொதல்ல ஒரு மட்டமான யோசனை சொல்லணும்."

"எம்புட்டு மட்டமா?"

"உங்களால முடிஞ்ச அளவுக்கு."

"எதுக்கு ஆத்தா?"

"நல்லதத்தான் சொல்லணும்னு நெனச்சா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாக. ஒரு ஆளு உளறிட்டா அப்புறம் யாருக்கும் பயமில்ல."

சரியான ஆளைத்தான் பிடித்தார். வாழ்நாள் முழுக்க யாரும் கேட்காமலே நான் செய்துவந்த வேலை அது.

கூட்டத்தில் பெரிய மனிதர்கள் முகப்பில் யார் பெயரைப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாய் மூடி இருந்தார்கள். பிலோமினா என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "மலையக் கொஞ்சம் கீழ எறக்கி வச்சிட்டா ஜீப்பே வேணாம்ல?" என்றேன்.

தோட்ட வேலைக்குப் போகும் பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏண்ணே, வெல்டு வச்சே எறக்கிருவீகளோ?" கூட்டமே சிரித்தது. சிரித்த வாயோடு அவரே தொடர்ந்தார். "மலை அங்கனயே கெடக்கட்டும். எங்களுக்கு வெளிச்சம் வேணும். இருட்டுக்குள்ள பக்கத்துல நிக்கிறது யாருன்னே தெரியாம வயசுப் பிள்ளைகளக் கூட்டிட்டு நிக்கிறோம்."

அதன் பிறகு முகப்புப் பெயரை யாரும் எடுக்கவில்லை. பிலோமினா விளக்கை முதலில் வரைந்தார். கூரையை அப்புறம்தான் வரைந்தார்.

எனக்கு உடனே இரும்பை அறுக்கக் கை துடித்தது. "மொதல்ல மூங்கில்ல தப்புப் பண்ணுவோம்ணே. இரும்புல பண்ணா அழிக்க முடியாது" என்றார். அந்த இடத்திலேயே மூங்கில் நட்டு, சாக்கைக் கூரையாகக் கட்டி, பெண்களை உட்காரச் சொன்னோம். பெஞ்சுக்கு நான் என் காலை வைத்து உயரம் பார்த்திருந்தேன். அத்தனை பேர் காலும் அந்தரத்தில் ஆடியது. "அண்ணன் நமக்கு ஊஞ்சலு கட்டியிருக்காகடி" என்றார் பேச்சியம்மா. பிலோமினா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரும்பு வேலையே இல்லாத கூட்டங்களுக்கும் என்னைக் கூப்பிட்டார். "நீங்க சும்மா இருங்க" என்பதையே வீட்டில் கேட்டு வளர்ந்த காது இது. அந்தக் காதில் ஒருவர் வந்து, "நீங்க சொல்லுங்கண்ணே" என்றார். நான் இழந்தது அதைத்தான்.

போன வாரம், பள்ளிக்கூட விளையாட்டு இடத்துக்காக அவர் தொடங்கிவைத்த பேச்சு, அவர் இல்லாமல் நடந்தது. நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்னிடம் அருமையான மட்டமான யோசனை ஒன்று தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பிலோமினா அப்படியே அமைதியாக இருப்பார். எனக்கு அது தாங்காது. எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். "பதிலையும் நாமளே சொல்லிட்டா எதுக்குண்ணே கேக்கணும்? கொஞ்சம் பொறுங்க, வரும்" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தப் பொறுமை ஒன்றைத்தான். எனக்குப் பொருந்துகிறதா என்று இன்னும் தெரியவில்லை.

மகள் தினமும் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், சரி வைக்கிறேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நேற்று நான் முந்திக்கொண்டு, "நல்லாருக்கியா ஆத்தா?" என்று கேட்டேன்.

"இருக்கேன்ப்பா."

வழக்கமாக இந்த இடத்தில், "சரி, வேலையப் பாரு" என்பேன். சொல்லவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மறுபடியும் மின்விசிறி. பிறகு சொன்னாள்: "இங்க பேச ஆளே இல்லப்பா."

பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.