சகலையின் பின் சக்கரம்

என் மாமியார் வீட்டுக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவன் நான், இளையவன் என் சகலை. இருவருமே கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்துக்கு வெளியே டாக்சி ஓட்டினோம். ஸ்ரீராம்புரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு நான் போனால் "வாங்க" என்பார்கள். அவன் போனால் உடனே அடுப்பில் ஏதாவது ஏறும். அவன் மருமகனாக வந்ததே எனக்கு ஆறு வருடம் கழித்துத்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் வண்டியை முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். அவனுடையது சாவியைத் திருப்பினாலே கிளம்பிவிடும். ஸ்டாண்டில் என் வண்டி முதலில் நின்றாலும் சவாரிகள் என்னைத் தாண்டிப்போய் அவனிடம் நிற்பார்கள். அவன் கன்னடத்தில் ஒரு வார்த்தை, இங்கிலீஷில் ஒரு வார்த்தை, கூடவே ஒரு சிரிப்பு என்று வைத்திருந்தான். எனக்கும் கன்னடம் தெரியும். சிரிப்புதான் வராது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில் எஃப்.சி. வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் டாக்சி ரோட்டில் ஓடலாம். அன்று மதியமே எல்லோரும் கோலார் தங்கவயலுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். எந்த வண்டியில் போவது என்பதை மாமனார் முந்தின நாளே என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "ரெண்டும் பாஸ் ஆச்சுன்னா சின்னவரு வண்டில போலாம். அது ஆவலன்னா உங்க வண்டி இருக்கவே இருக்குது."

ஆக, அவன் வண்டி பாஸ் ஆகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

காலையில் இருவரும் ஸ்டாண்டில் வண்டிகளைத் தயார் செய்தோம். ரேடியேட்டரில் தண்ணீர், பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர், டயரில் காற்று, ஹார்ன், வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் ஹேண்ட் பிரேக் தளர்ந்திருந்தது. அதைக் கடைசியில் முறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிரேக் லைட்டைத் தன்னந்தனியாகப் பார்க்க முடியாது. ஒருவன் உள்ளே மிதிக்க வேண்டும், இன்னொருவன் பின்னால் நின்று எரிகிறதா என்று சொல்ல வேண்டும். என் வண்டிக்குப் பின்னால் அவன் நின்றான். "எரியுதுண்ணா, ஜோரா எரியுது" என்றான். அடுத்து அவன் மிதிக்க, அவன் வண்டிக்குப் பின்னால் நான் போய் நின்றேன்.

லைட் எரிந்தது. ஆனால் இடது பின் சக்கரத்தின் உள்பக்கத்தில், டயர் ஓரமாக, ஈரமாக ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். கிரீஸ் இல்லை, பிரேக் ஆயில். உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். இன்றைக்குக் கசியும், ஒரு நாள் மிதிக்கும்போது மிதி தரைவரைக்கும் போய்விடும்.

விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

"எரியுதாண்ணா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"எரியுது, எரியுது" என்றேன்.

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. இன்ஸ்பெக்டர் குனிந்தால் போதும், ஆள் அவுட். அந்தச் சந்தோஷத்தில் என் ஹேண்ட் பிரேக்கை முறுக்க மறந்தேன்.

இன்ஸ்பெக்டர் என் வண்டியைச் சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். வண்டி அவர் பின்னாலேயே மெதுவாக உருண்டு வந்தது. பத்து நாள் கழித்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். சகலைக்குப் பிரேக்கை எப்போதும் இரண்டு முறை குத்தி மிதிக்கும் பழக்கம். இரண்டாவது மிதியில் வண்டி அழகாக நின்றது. இன்ஸ்பெக்டர் குனியவே இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் தோற்றுப் போன வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைப்பான் என எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் பொய். அவன் கையில் இருந்த காகிதத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மதியம் மாமியார் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. ஆறு பேருக்குமேல் இடமில்லை என்பதால் நான் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. மாமனார் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். மாமியார் பின்னால் ஏறினார். சகலையின் மனைவி, என் மைத்துனி, கைக்குழந்தையோடு ஏறினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். சின்னக் கசிவுதான், சர்க்காரே பாஸ் போட்ட வண்டிதானே என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

பிறகு என் மனைவி ஏறினாள். என் நாலு வயது மகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"இருங்க! வண்டிய எடுக்காத" என்று கத்தினேன். "பின் சக்கரத்துல பிரேக் ஆயில் லீக் ஆவுது."

சகலை இறங்கி வந்து மண்ணில் முட்டி போட்டுப் பார்த்தான். கோடு இப்போது ரிம்வரைக்கும் பரவியிருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். என்னைப் பிடிக்காத மாமனாரே என் தோளில் கைவைத்து, "பெரிய மாப்பிள்ள கண்ணு இருக்குதே! புள்ளைங்கள காப்பாத்திட்டாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். இத்தனை வருடமாக நான் ஏங்கிய பேச்சு அது. மாமியார் எனக்கு மோர் எடுத்துவர உள்ளே ஓடினார்.

சகலை மட்டும் எழுந்திருக்கவில்லை. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பண்ணா பாத்தீங்க?"

இப்போதுதான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "காலைல" என்று வந்துவிட்டது.

அவன் என்னைத் திட்டவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"என் பொண்டாட்டி கொழந்தையோட ஏறினாளே, அப்பவும் சும்மாதானே நின்னீங்க."

பிறகு அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வாங்க, எல்லாரும் பஸ்ஸுல போலாம்" என்று சிரித்தபடியே மூட்டைகளை இறக்கினான். தங்கவயலில் கல்யாணக் கூட்டம் முழுக்க என் கண்ணின் கூர்மையைப் பேசியது. அவனும் கூட நின்று தலையாட்டினான். அன்றும் சரி, பிறகும் சரி, ஒருவரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனும் என்னைப் போல ஒரு ஆள்தான் என்று நினைத்து ஆறியிருப்பேன். இதிலும் அவனே பெரிய மனுஷன் ஆகிவிட்டான். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.