ரோலர் இழுத்த வருஷம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு டென்னிஸ் கோர்ட்டில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் கொதித்தன. அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. எடை தொண்ணூற்றொரு கிலோ.

நடந்தது இதுதான். என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பத்தில். அவள் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. கல்யாணமான மறுவருஷமே பாரிஸ் பக்கம் போய்விட்டாள். வருஷா வருஷம் ஆகஸ்டில் வருவாள். ஒரு பெட்டி துணி, ஒரு பெட்டி சாக்லெட். அந்த வருஷம் கூடவே இரண்டு டென்னிஸ் மட்டைகளும் வந்து இறங்கின. அங்கே ஏதோ கிளப்பில் மூன்று வருஷமாக ஆடுகிறாளாம். இங்கே ஊருக்குள் ஒரு மண் கோர்ட்டைக் கண்டுபிடித்து, "வாக்கா, சும்மா ரெண்டு பந்து அடிக்கலாம்" என்று என்னைப் புடவையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் பந்து என்னைத் தாண்டிப் போனது. "அலே அக்கா, அலே!" என்று கத்தினாள். விடாதே, ஓடு என்று பிரெஞ்சில் உசுப்பிவிடுவது. இரண்டாவது பந்துக்கு ஓடினேன். நாலே அடி. செருப்பு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "ஆனைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. பதினாறு வருஷமாகக் கேட்கிற வாய் அது. தங்கைதான் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கி, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "பாவம்க்கா நீ. போய் உக்காரு. உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உழவர்கரையில் குடியிருந்தபோது தெருத்தெருவாக அவளைத் துரத்திப் பிடித்துச் சோறு ஊட்டியிருக்கிறேன். என்னைத் திட்டியிருக்கலாம், கிண்டல் பண்ணியிருக்கலாம். பாவம் என்று சொல்லிவிட்டாளே!

"அடுத்த ஆகஸ்டு வாடி. உன்கூட முழுசா ஒரு செட்டு ஆடறேன். நடுவுல உக்கார மாட்டேன். பாத்துக்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவது போல, "சரிக்கா, சரி" என்றாள்.

அவள் விமானம் ஏறிய மறுநாளே ஆரம்பித்தேன். எங்கள் ஆபீஸில் நான்கு பெண்கள் சேர்ந்து காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பார்கள். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு நடை போய்வந்தால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நடந்து முடித்ததும் பின்தெருவில் இருந்த டிபன் கடைக்குப் போவார்கள். தினம் ஒருத்தர் முறை. சூடாக வடை, பொங்கல், காபி. ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் நீட்டு ரொட்டியும் வெண்ணெயும். வேண்டாம் என்றால், "நேத்து அவ வாங்கிக் குடுத்தப்ப தின்னே, நான் வாங்கிக் குடுத்தா கசக்குதா?" என்று கேட்பார்கள். மனுஷிகளைப் பகைத்துக்கொள்ள முடியுமா? தின்றேன். வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜில் தங்கையின் சாக்லெட். நடந்துவிட்டுத்தானே வந்தோம் என்று அதையும் தின்றேன்.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் விளக்கு எரியும் எடை மெஷினில் ஏறிக் காசு போட்டேன். அட்டை வந்தது. தொண்ணூற்று மூன்று. பின்பக்கம் ஜோசியம்: 'நீங்கள் பிறர் சொல் தட்டாதவர்.' அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் வேர்க்கடலை விற்றவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

நடை வேலைக்கு ஆகாது என்று புரிந்ததும், ஒருநாள் விடியற்காலையில் நேராக அந்த மண் கோர்ட்டுக்கே போனேன். அங்கே மார்க்கர் ஒருவர் இருந்தார். கோர்ட்டைப் பராமரிப்பதும், வருகிறவர்களுக்கு எதிரே நின்று பந்து அடித்துப் போடுவதும் அவர் வேலை. குருசுக்குப்பத்துக்காரர், என் வயசுதான். உடம்பில் எலும்பும் நரம்பும் தவிர ஒன்றும் கிடையாது.

"டென்னிஸ் கத்துக்கணும்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "கோர்ட்ட சுத்திப் பத்து ரவுண்டு நிக்காம ஓடுங்க. அப்பறமா மட்டையத் தொடலாம்."

ஒன்றரை ரவுண்டில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு எங்கேயோ, நான் எங்கேயோ. அவர் சிரிக்கவில்லை. கோர்ட் ஓரத்தில் கிடந்த இரும்பு ரோலரைக் காட்டினார். மண் கோர்ட்டுக்கு முதல் நாளே தண்ணீர் அடித்து, விடிந்ததும் ரோலர் போட்டால்தான் தரை இறுகும். இரண்டு பேர் இழுக்கிற ரோலர். கூட இழுத்தவர் போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டாராம்.

"இந்தப் பக்கம் புடிக்கிறீங்களாம்மா? ஓடறதுக்குக் காலுல தெம்பு வேணுமில்ல?"

எனக்கு அவர் தந்திரம் புரியாமல் இல்லை. ஆள் கிடைக்காத வேலைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. இருந்தாலும் பிடித்தேன். முதல் நாள் ரோலர் அசையவே இல்லை. "எத்தன கிலோ இருக்கும்?" என்று கேட்டேன். "உங்களவிட ஜாஸ்திதான், கவலப்படாதீங்க" என்றார். அந்த ஆறுதலை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள்; அந்த ரோலரும் நகர்ந்தது. ஐந்தரைக்கு ரோலர், பிறகு ஓட்டம். தீபாவளிக்கு மூன்று ரவுண்டு. பொங்கலுக்கு ஆறு. டிபன் கடைக் கூட்டத்திடம், டாக்டர் எண்ணெய் கூடாது என்று சொல்லிவிட்டதாகப் பொய் சொன்னேன். டாக்டர் என்றால் மட்டும்தான் விடுவார்கள்.

ஒருநாள் அந்தக் கோர்ட்டை நடத்தும் கிளப்பின் பெரிய மனிதர் ஒருவர் வந்து, ரோலரைப் பிடித்தபடி நான் நிற்கும்போதே மார்க்கரிடம், "புதுசா பொம்பள ஆள் போட்டிருக்கியா? சம்பளம் எவ்ளோ?" என்று கேட்டார். காது சூடானது. "நான் கவர்மெண்ட் ஸ்டாஃப் சார். எனக்கு நீங்க சம்பளம் குடுத்துக் கட்டுப்படியாகாது" என்றேன். அன்றைக்கு அந்தக் கோபத்திலேயே எட்டு ரவுண்டு ஓடிவிட்டேன்.

பத்து ரவுண்டு முடித்தது மாசிக் கடைசியில். மார்க்கர் ஒரு பழைய மட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் அடித்துப் போட்ட பந்துகளில் பாதி வேலிக்கு வெளியே போயின. அக்னி நட்சத்திரம் முழுக்க விடிகாலையில் போய் ஆடினேன். ஜூலையில் அதே பஸ் ஸ்டாண்டு மெஷின் எழுபத்தேழு என்றது. அந்த அட்டையின் ஜோசியத்தைப் படிக்கவில்லை.

ஆகஸ்டு வந்தது. தங்கை என்னைப் பார்த்ததும், "ஐயோ, என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். "நாளைக்குக் காலைல கோர்ட்டுக்கு வா, தெரியும்" என்றேன்.

முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவருக்கு செட். சுரிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக நின்றேன். பெஞ்சில் வீட்டுக்காரர். வேலி ஓரத்தில், வேலை இருப்பது போல நடித்துக்கொண்டு மார்க்கர். முதல் மூன்று ஆட்டத்தையும் அவள் எடுத்தாள். நான்காவதில் அவள் பந்து இரண்டு முறை வலையில் விழுந்தது, ஒருமுறை வெளியே போனது. அப்புறம் ஒரு பந்து, விருந்தாளிக்கு இலை போடுவது போல மெதுவாக என் கைக்கு நேரே வந்தது. அடித்தேன். ஆட்டம் எனக்கு. "சூப்பர்க்கா!" என்று கைதட்டினாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். போன வருஷம் மண்ணைத் தட்டிவிட்டபோது இருந்த அதே முகம்.

காது இரண்டும் பற்றிக்கொண்டன. வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஏய், பிச்ச போடறியா எனக்கு? ஒரு வருஷம் ரோலர் இழுத்திருக்கேன்டி, இதுக்கா? இந்த ஆட்டம் செல்லாது. மூணுக்குப் பூஜ்யம்தான். இனிமே ஒழுங்கா அடி. இல்லன்னா கெளம்பிப் போயிடு."

"அக்கா, அது இல்ல..."

"அடிடீ!"

அடித்தாள். அம்மாடி, என்ன அடி! பந்து வருவது தெரியாமல் போவது மட்டும்தான் தெரிந்தது. இடமும் வலமும் என்னை விரட்டினாள். ஒரே ஒரு தடவை என் பந்து கோட்டின் ஓரத்தில் விழுந்து ஓட, அவள் மட்டையை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். "அலேடி, அலே!" என்று நான் கத்தினேன். எட்டவில்லை. வேலி ஓரத்திலிருந்து மார்க்கர் விசில் அடித்தார்.

ஆறுக்குப் பூஜ்யம். என் வீட்டுக்காரர், "ஒன்னு கெடைச்சுது, அதையும் திருப்பிக் குடுத்துட்டியேம்மா" என்றார். ஆனால் எழுந்து நின்றுதான் சொன்னார்.

தங்கை பெஞ்சில் பொத்தென்று விழுந்தாள். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. "உக்காருக்கா" என்று பக்கத்தில் தட்டினாள். மாட்டேன் என்றேன். ரோஷம் பாதி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயம் பாதி. அவள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம் என்று சொல்லவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்குக்கா?" என்றாள்.

"அஞ்சரைக்கு வந்துடு" என்றேன். "ரோலர்ல அந்தப் பக்கம் நீ புடிக்கணும்."