வான்மதி பிரேக் பிடிக்காத பனிக்காலம்

லண்டன் தமிழரின் வாழ்க்கை ஏணியில் சைக்கிளுக்குப் படி கிடையாது. வந்த புதிதில் பஸ், பிறகு யாரோ ஓடிக் களைத்து விற்ற கார், பிறகு கடனில் ஜெர்மன் கார், கடைசியாக வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய ஒரு எக்ஸ்டென்ஷன். வெள்ளைக்காரன் இறுக்கமான காற்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடினால் அது உடற்பயிற்சி. கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் நாற்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண் சல்வாருக்கு மேலே மழைக்கோட்டு மாட்டி, ஹாண்டிலில் லீக்ஸ் மரக்கறிக் கட்டைத் தொங்கவிட்டு ஓடினால் அது குடும்பத்துக்கு வந்த சோதனை.

வான்மதி அந்தச் சோதனையை 2008 கோடையில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் இடம் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சைக்கிள். அவளுக்கு ஈஸ்ட் ஹாமில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. எங்கே போகிறீர், எப்போது வருவீர், யார் வந்து ஏற்றுவது என்ற மூன்று கேள்விகளும் இல்லாமல் அவள் வாசலைத் தாண்டியது கல்யாணமான பிறகு அந்தக் கோடையில்தான். அந்த ருசி அவளை லேசில் விடவில்லை.

கணவர் நித்தியானந்தன் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கணக்காளர். வாசலில் அவருடைய டொயோட்டா நிற்கிறது. அதை ஓட்டிப் பழக மனைவிக்கு மனமில்லை. இந்த நிலையில், பக்கத்து இல்ஃபோர்டில் இருக்கும் அவருடைய தங்கை ஷோபா போன் எடுத்தாள்.

“அண்ணை, உங்கட வேலை கீலை போயிட்டுதோ? அண்ணி லீக்ஸ் கட்டோட சைக்கிளில போறா.”

நித்தியானந்தன் சண்டை பிடிக்கிற மனிதர் அல்ல. ஒப்பந்தம் போடுகிற மனிதர். அவருடைய ஒஃபிசில் சைக்கிளில் வரும் ஒருவன், விண்டர் வந்தால் பிரேக்கின் ரப்பர் கட்டைகளை ரோடே தின்றுவிடுகிறது என்று புலம்புவதை அவர் கேட்டிருந்தார். ஒக்டோபரில் ஒரு நாள், மிகவும் தாராளமான முகத்தோடு மனைவியைக் கூப்பிட்டார்.

“உமக்கு ஆசையெண்டால் ஓடும். நான் மறிக்கேல்லை. ஆனா இந்தப் பிறேக் கட்டை தேஞ்சு முடிஞ்ச அண்டைக்குச் சைக்கிளை விட்டிட்டுக் கார் பழகவேணும். புதுக்கட்டை போடக்கூடாது. சத்தியம்?”

வான்மதிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. யாழ்ப்பாணத்தில் அவள் ஓடிய சைக்கிளின் பிரேக் கட்டை, அவள் படித்து, வேலை எடுத்து, கல்யாணமாகிப் பிளேன் ஏறும்வரை கல்லுப்போல இருந்தது. மனுசனுக்குக் கணக்குத்தான் தெரியும், சைக்கிள் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நவம்பர் நடுவில் குனிந்து பார்த்தாள். கட்டைகளில் பாதியைக் காணவில்லை. மழை, சேறு, ரோட்டில் பனி உறையாமலிருக்கக் கவுன்சில் கொட்டுகிற உப்பு, குறுணிக்கல் எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் விளிம்பில் கறுப்புக் களியாகப் படிந்திருந்தன. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தரமும் அது மண்தாள்போல ரப்பரைத் தேய்த்து எடுத்திருக்கிறது. கட்டையில் ஒரு பள்ளக்கோடு உண்டு. அது அழிந்தால் ஆட்டம் முடிந்தது.

அன்றிலிருந்து வான்மதி பிரேக் பிடிப்பதை விட்டாள்.

சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டதும் மிதிப்பதை நிறுத்தி, அது பச்சையாகும்வரை உருண்டாள். பச்சையாகாவிட்டால் பஸ் தரிப்பிடக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள். ரவுண்டபவுட்டில் இடைவெளி கிடைக்கும்வரை கோயில் பிரகாரம்போலச் சுற்றினாள். அவசரத்துக்குக் காலை ஊன்றினாள். கட்டைகள் பிழைத்தன, இரண்டு சோடிச் சப்பாத்து பிழைக்கவில்லை.

பதினெட்டு வருடமாக லண்டன் வானத்தைத் திட்டிவந்த நித்தியானந்தன் அந்த விண்டரில் மழைக்கு நேர்ந்துகொள்ளாத குறை. காலையில் திரைச்சீலையை விலக்கி, தூறலைக் கண்டால் முகம் மலர்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாமி கும்பிட்டு, திருநீற்றோடு டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ப் பள்ளக்கோட்டை ஆராய்வார். கோடு இருக்கும். ஏமாற்றத்தைக் காட்டாமல், சந்தோசம் என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிட வருவார்.

பெப்ரவரியில் பெரிய பனி கொட்டியது. பஸ்கள்கூட நின்றன. அது உருகி ரோடெல்லாம் உப்புக் கஞ்சியான காலையில், போனில் பேசிக்கொண்டே ஒருவர் நடைபாதையிலிருந்து அவள் முன்னால் இறங்கினார். உருளவும் நேரமில்லை, கட்டிப்பிடிக்கக் கம்பமும் இல்லை. வான்மதி இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தாள். இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் பிழைத்தார், போனையும் வைக்கவில்லை.

மாலையில் அவளே வந்து சொன்னாள்.

“முடிஞ்சுது. நான் சொன்ன சொல் மாறமாட்டன்.”

அவள் முகத்தைப் பார்த்த நித்தியானந்தனுக்கு வெற்றி ஒரு நிமிடம் கசந்தது. அடுத்த நிமிடம் தங்கைக்குப் போன் எடுத்தார்.

டொயோட்டாவில் சிவப்பு எல் எழுத்து ஏறியது. பக்கத்து ஆசனத்தில் குருவாக நித்தியானந்தன். முதல் சந்தியிலேயே அவருக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது. வான்மதிக்கு ஸ்டியரிங் வந்தது, கியர் வந்தது, கண்ணாடி பார்ப்பதும் வந்தது. பிரேக்குக்கு மட்டும் கால் போகவில்லை. சிவப்பு விளக்கை நோக்கிக் கார் நிம்மதியாக உருண்டது.

“பிறேக்கை அமத்தும்!”

“ஏன் அவசரப்படுறியள்? கிட்டப் போகப் பச்சை விழும்.”

விழுந்தது. அதுதான் அவரைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டே இருந்தது. ரவுண்டபவுட் ஒன்றை நாலு தரம் சுற்றியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறு, தங்கை கண்ணால் காணட்டும் என்று காரை இல்ஃபோர்டுக்கு விடச் சொன்னார். ஷோபா வாசலில் கைகட்டி நின்றாள். டொயோட்டா மெல்ல மெல்ல உள்ளே உருண்டது, குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனது, தொட்டி ஷோபாவின் புது ஜெர்மன் காரில் முட்டியது, எல்லாம் நின்றன. வான்மதி எஞ்சினை நிறுத்தி, தேநீருக்கு இறங்கினாள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நித்தியானந்தன் சைக்கிள் கடைக்குப் போனார். பொழுது படமுன் ஷெட் வாசலில் குந்தியிருந்து, கையெல்லாம் கறுப்பாகப் புதுக்கட்டைகளைப் பூட்டினார். வான்மதி வந்து பக்கத்தில் நின்றாள்.

“சத்தியம் என்ன மாதிரி?”

“அது என்ர கையில அடிச்ச சத்தியம். நான் விடுறன்.”

“இதுவும் அடுத்த விண்டருக்குத் தேயுமே.”

“தேயத் தேய வாங்கித் தாறன். நீர் ஆசைதீரப் பிடியும்.”

“ஷோபாவுக்கு என்ன சொல்லுவியள்?”

அவர் யோசித்தார். “டொக்டர் எக்சர்சைஸ் செய்யச் சொன்னவர் எண்டு சொல்லுறன்.”

மறுநாள் காலை தூறல். வான்மதி தெருவில் இறங்கினாள். முன்னால் சிவப்பு விளக்கும் இல்லை, மனிதரும் இல்லை. ஒரு கம்பத்தடியில் பிரேக் பிடித்து நின்றாள். அடுத்த கம்பத்தடியிலும் நின்றாள். வேலைக்குப் பிந்தித்தான் போனாள்.