மணவறையை மறைக்காதீர்கள்

வெப்சைட்டுக்கு யாராவது ரிப்பன் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன மாதம், கிள்ளானில். கம்ப்யூட்டரின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வந்து கத்தரிக்கோலால் வெட்டினார். கை தட்டினோம். கேசரி சாப்பிட்டோம். அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் இந்த வாரம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

அந்த வெப்சைட் சரோவினுடையது. சரோ என் சிநேகிதி. கிள்ளானில் கல்யாணங்களுக்கு மணவறை ஜோடித்துக் கொடுக்கிறாள். அவள் கணவர் மணி ஷா ஆலமில் ஒரு பாக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர். பொருளாதாரம் சரிந்ததில் வேலை போய்விட்டது. இப்போது அவரும் மனைவியோடு சேர்ந்து லோரியில் தூண் ஏற்றுகிறார். வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு தொழிலில்தான்.

உள்ளூரில் எல்லோரும் கல்யாணச் செலவைச் சுருக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகள் மட்டும் தாலி கட்ட இங்கே வருகிறார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும், தை மாத ஆர்டரைப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் வெப்சைட். அதில் போடப் படம் வேண்டுமே என்று, திறப்பு விழாவன்றே மண்டபத்தில் ஒரு மணவறையை ஆசை ஆசையாக ஜோடித்து வைத்திருந்தாள் சரோ.

ஆனால் வெப்சைட் போட்டால் போதுமா? செம்பனைக் காட்டுக்குள் கடை திறந்தால் யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் டைரக்டரிகள். இன்டர்நெட்டில் கிடக்கும் பக்கங்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கி வைக்கிறார்கள். கல்யாணத்துக்கென்றே ஒன்று, இந்தியர் கடைகளுக்கென்றே ஒன்று... நாம் விவரம் அனுப்பினால் அங்கே ஒருவர் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். அவர்கள் கேட்பது ஒன்றுதான் – நீங்கள் என்ன செய்கிறீர்கள், இரண்டு வரியில் சொல்லுங்கள்.

இரண்டு வரி. நமக்கு வருமா அது?

சரோ, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினர். ரிப்பன், டத்தோ எல்லாம் அந்தச் சங்கத் தலைவரின் ஏற்பாடு. "நீ ஏம்மா கஷ்டப்படுற, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கு, டைரக்டரிக்கெல்லாம் நானே அனுப்பிடுறேன்" என்று அந்த வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அனுப்பவும் செய்தார். இல்லை என்று சொன்னால் பாவம்.

இந்த வாரத் தொடக்கத்தில் பதில் வந்தது. கல்யாண டைரக்டரிக்காரர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார் – உங்கள் குறிப்பைப் படித்தோம், நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று தெரியவில்லை, சேர்ப்பதற்கில்லை. இன்னொரு டைரக்டரி சேர்த்துக்கொண்டது. எங்கே தெரியுமா? அரசியல் பிரமுகர்கள் பகுதியில்.

சரோ அந்தப் பதில்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தலைவர் அனுப்பிய குறிப்பும் அதிலேயே இருந்தது. மாண்புமிகு டத்தோ அவர்களின் பொற்கரங்களால், சங்கத் தலைவர் அவர்களின் முன்னிலையில், செயலாளர், பொருளாளர் நல்லாசியுடன், இனிதே திறப்பு விழா கண்ட... அவ்வளவுதான், இடம் முடிந்துவிட்டது. மணவறை இல்லை. பூ இல்லை. கிள்ளான்கூட இல்லை. சரோவின் பெயரும் இல்லை.

அவளை இழுத்துக்கொண்டு நேரே சங்க ஆபீசுக்குப் போனேன்.

தலைவர் நிதானமாகத்தான் பேசினார். "கோவிச்சுக்காதீங்க மேடம். டத்தோ பேரு இல்லாம அனுப்பிட்டு, நாளைக்கு அவரு முகத்துல எப்படி முழிக்கிறது?"

"அத படிக்கப்போறது டத்தோ இல்ல லா, தலைவரே. கல்யாணப் பொண்ணு."

"பெரியவங்க பேரப் பாத்தா ஒரு நம்பிக்கை வரும். கல்யாணக் கார்டுல போடுறோம் இல்ல?"

அங்கேதான் இருக்கிறது நம் வியாதி. நம் கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஒரு பெரியப்பா பெயர் விட்டுப்போனால் பந்தியில் சண்டை. பாலர் பள்ளி ஆண்டு விழா மலரைப் புரட்டுங்கள், பாதி பக்கம் தாண்டியும் ஒரு பிள்ளையின் முகம் வராது. இத்தனை காலம் இதை உள்ளூரோடு வைத்திருந்தோம். இப்போது இன்டர்நெட்டிலும் ஏற்றிவிட்டோம்.

"தை மாச ஆர்டர் போச்சுன்னா உங்க டத்தோ வந்து இவ வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுவாரா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் போயிற்று. உயரட்டும்.

தலைவர் வாயைத் திறப்பதற்குள் சரோ என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

"விடுங்கக்கா. சங்கத்து ஆளுங்க வீட்டுக் கல்யாணமும் எனக்கு வேணும்."

இதைக் கேட்டதும் என் கோபம் இரட்டிப்பாயிற்று. தொழிலைக் கெடுத்தவர் ஏர்கண்டிஷனில் உட்கார்ந்திருக்கிறார். தொழில் தெரிந்தவள் பயந்துகொண்டு படியிறங்குகிறாள். இது என்ன நியாயம்?

கீழேயே ஒரு சைபர் கபே இருந்தது. உட்கார்ந்தோம். "நீ என்ன செய்யிற, ஒரே மூச்சுல சொல்லு" என்றேன். சொன்னாள் – கிள்ளானில் மணவறை, பூ அலங்காரம் வாடகைக்கு. ரவாங்கிலிருந்து டெங்கில் வரை வந்து ஜோடித்துக் கொடுப்போம். அதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டினேன். கிடைத்த கல்யாண டைரக்டரிக்கெல்லாம் அனுப்பினோம். முன்பு வேண்டாமென்றவர்கள், மறுபடி பார்க்கிறோம், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அது தை முடிந்த பிறகாம். தென்னிந்தியக் கல்யாணங்களுக்கென்று இருந்த ஒரு சின்ன டைரக்டரி மட்டும் உடனே சேர்த்துக்கொண்டது.

நேற்று பெர்த்திலிருந்து ஒரு பெண்ணின் மெயில் வந்தது. தையில் கல்யாணம், கிள்ளானில்தான். 'உங்கள் மணவறை அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாப் படத்திலும் இரண்டு பேர் நடுவில் நின்று மறைக்கிறார்கள். அவர்கள் இல்லாத படம் அனுப்ப முடியுமா? நாளைக்குள் முடிவு செய்ய வேண்டும்.'

சரோவின் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்து திறப்பு விழா ஆல்பத்தை முழுக்கப் புரட்டினோம். டத்தோவும் தலைவரும் கை குலுக்குகிறார்கள். தலைவர் டத்தோவுக்குப் பொன்னாடை போடுகிறார். டத்தோ தலைவருக்குப் போடுகிறார். ஒரு படத்தில் மட்டும் தலைவரின் தோளுக்கு மேலே தூண் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பழைய கல்யாண ஆல்பங்கள் எல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களிடம். சரோவின் கையில் அவள் வேலையைக் காட்ட ஒரு படம்கூட இல்லை. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மணி எழுந்து போய் லோரியிலிருந்து தூண்களை இறக்கினார். சரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பூவை எடுத்தாள். கடைக்குள்ளேயே மணவறை எழுந்தது. முதன்முறையாக அதை முழுசாகப் பார்த்தேன். அவ்வளவு அழகு. கேமராவைக் கையில் எடுத்தேன்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று மணி ஓடிப்போய்க் கடைக் கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு வந்தார்.

"யாராச்சும் வந்து நடுவுல நின்னுடப் போறாங்க."