சர்க்கரை கலந்த பெட்டூனியா விதை

ரொட்டி விஷயத்தில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாவில் விரலை வைத்தே ஈரம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஊர் அடங்கியபின் பேக்கரிக்குக் கிளம்புவார், ஊர் எழுந்திருக்கும்போது வீடு திரும்புவார். வந்ததும் குளியல், சாப்பாடு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்புதான். அவர் தூங்கும்போது மனைவி சத்தம் போடாமல் பாத்திரம் கழுவினாள், சத்தம் போடாமல் மகளை வளர்த்தாள், சத்தம் போடாமல் ஜன்னல் விளிம்பில் பூச்செடி வைத்தாள். இதெல்லாம் தானாக நடக்கிற காரியம் என்றே மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

கெட்டவர் என்று சொன்னால் வாய் அழுகிவிடும். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. பேச்சும் கிடையாது, அதுதான் குறை. பேசுவதற்கு முதலில் விழித்திருக்க வேண்டுமே!

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி பக்கத்து நகரத்துக்குப் போனாள். குழந்தை பிறந்தது, முகம் பார்த்துச் சிரித்தது, குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டது. போனவள் வருகிற வழியைக் காணோம். இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று மாஸ்டர் பேக்கரி பன்னைத் தின்றே நாளை ஓட்டினார். ஒரு மத்தியானம் மகள் போன் போட்டு அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், பதறாதீங்க. அம்மா இங்கேயே இருந்துடறேன்னு சொல்றாங்க."

"இன்னும் ரெண்டு வாரமா?"

"எப்பவுமேப்பா."

மாஸ்டருக்குத் தூக்கம் கலைந்ததா, உயிரே கலைந்ததா தெரியவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "நாங்க சண்டையே போடலையேம்மா!"

"அதான் பிரச்சினையே. சண்டை போடறதுக்காவது நீங்க முழிச்சிருந்தீங்களா? நீங்க தூங்கறதைப் பாத்தே அம்மாவுக்கு வயசாயிடுச்சு. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஜன்னல்ல அம்மா வளர்த்தாங்களே, அந்தப் பூ என்ன கலர்?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "சிவப்பு..." என்று இழுத்தார்.

மகள் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. "ஒரு தடவைகூடப் பாக்கலை, இல்லப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பேயறைந்தவர் மாதிரி மாஸ்டர் வீட்டுக்குள் சுற்றிவந்தார். ஜன்னல் தொட்டியில் காய்ந்த குச்சிகள்தான் நின்றன. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். வெண்ணெய்க்குப் பின்னால் ஒரு சின்ன மாத்திரை டப்பா இருந்தது, அதற்குள் அரை விரல்நுனி அளவுக்குப் பழுப்பாக ஏதோ தூள். பழைய காபித்தூளாக இருக்கும், கொட்டிவிடலாமா என்று கேட்கிற சாக்கில் மனைவிக்குப் போன் போட்டார். அவரே அவளுக்குப் போன் போட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"ஐயோ, கொட்டித் தொலைச்சுடாதீங்க!" அவள் போட்ட கூச்சலில் குழந்தை அழுதது அவருக்கே கேட்டது. "அது பெட்டூனியா விதை. போன வருஷச் செடியிலேருந்து எடுத்தது. இருக்கறது அவ்வளவுதான்."

"இதுவா விதை? ஊதினா காணாமப் போயிடும் போலிருக்கே!"

"அதான் அதோட சைஸு."

மாஸ்டர் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தத் தூசிக்குள் ஒரு செடியா? பிறகு, தன் வாயிலிருந்துதான் வருகிறதா என்று தானே நம்பமுடியாத ஒன்றைச் சொன்னார்: "நான் போட்டு முளைக்க வைக்கிறேன். முளைச்சா வீட்டுக்கு வருவியா?"

அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தட்டிச் சமாதானப்படுத்தினாள். "முதல்ல முளைக்கட்டும்," என்றாள் கடைசியில். "அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம் பாக்கலாம்' போதாதா? மாஸ்டர் இறங்கிவிட்டார். வழிமுறை எல்லாம் அவள் போனிலேயே சொன்னாள். விதையின் மேல் மண்ணைப் போட்டு மூடக்கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும், தட்டைத் தண்ணீரில் வைத்தால் மண் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இதமான சூடு இருக்க வேண்டும். "அப்படியே தூவினா எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சுடும். காஞ்ச மணலைச் சலிச்சு, அதுல கலந்து தூவுங்க."

கடைசி வாக்கியம் வரைக்கும் மாஸ்டர் நல்ல பிள்ளையாகத்தான் கேட்டுக்கொண்டார். மணல் என்றதும் அவருக்குள் இருந்த பேக்கரிக்காரர் விழித்துக்கொண்டார். மணலும் பழுப்பு, விதையும் பழுப்பு, எங்கே விழுந்தது என்று எப்படித் தெரியும்? கேக் மேல் தூவுகிற சர்க்கரைப் பொடி இருக்கிறதே, மணலைவிட நைசு, வெள்ளை வெளேரென்று விழுந்த இடம் தெரியும். தூவுவதற்கென்றே பொடி ஓட்டை மூடி போட்ட டப்பாவும் இருக்கிறது. போதாக்குறைக்கு, இனிப்பென்றால் எந்த உயிர்தான் வேண்டாமென்று சொல்லும்? இப்படியெல்லாம் யோசித்துத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான்.

ஒரு தட்டில் மண்ணைச் சலித்துப் பரப்பி, கேக்குக்குத் தூவுகிற அதே லாகவத்தில் விதையைச் சர்க்கரையோடு தூவினார். மேலே கண்ணாடித்தாளை மூடினார். பேக்கரியில் மாவு பொங்குவதற்கென்று ஒரு சூடான அறை உண்டு. அங்கே ஒரு பலகையில் தட்டை வைத்து, தலைக்கு மேல் ஒரு விளக்கையும் தொங்கவிட்டார்.

அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், புது கேக்கா? மண்ணு கேக்கு?"

"உன் வேலையைப் பாருய்யா."

அதற்குப் பிறகு தினமும் மனைவிக்குப் போன் போனது. முளைத்ததா என்று அவள் கேட்பாள், இன்னும் இல்லை என்று இவர் சொல்வார். அதோடு வைக்க மனசு வராமல் குழந்தை தூங்குகிறதா, உனக்கு முழங்கால் வலி எப்படி என்று பேச்சு நீளும். ஒருநாள் மண்ணு கேக்கு கதையைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாஸ்டருக்கு அன்று பகல் முழுக்கத் தூக்கமே வரவில்லை. வந்துவிடுவாள், முளைத்தால் நிச்சயம் வந்துவிடுவாள்.

அடுத்த நாள் ராத்திரி பேக்கரிக்குப் போனவர் நேராகத் தட்டைத்தான் பார்க்கப் போனார். கண்ணாடித்தாளுக்குக் கீழே மண் நகர்ந்துகொண்டிருந்தது. முளைப்புதான் மண்ணைத் தள்ளுகிறது என்று நினைத்து, சந்தோஷத்தில் குனிந்தார்.

எறும்பு.

ஒன்றா இரண்டா? தட்டு முழுக்கக் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. பலகையிலிருந்து சுவர் வழியாக, ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கோடு வெளியே போனது, வாயில் ஆளுக்கொரு துணுக்கு. வெள்ளையும் போனது, பழுப்பும் போனது. மாஸ்டருக்குக் கத்தவும் வரவில்லை, நகரவும் வரவில்லை.

"அடக் கடவுளே, பன்னு தட்டுக்கும் ஏறுது மாஸ்டர்!" என்று அடுப்புக்காரர் அலறிய பிறகுதான் சுயநினைவு வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, பின்பக்கக் குப்பைத்தொட்டியில் மண்ணோடு கவிழ்த்தார். அறையைக் கழுவித் துடைத்து, பொங்கிய மாவையெல்லாம் தூக்கி எறிந்து, ஓய்ந்து உட்கார்ந்தபோது அடுப்புக்காரர் பக்கத்தில் வந்தார்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்வாங்க. கல்லே தேயும்னா உங்க விதை எம்மாத்திரம்! ஆனா மண்ணுல சர்க்கரை போட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

மாஸ்டர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவன் வேறு என்ன செய்வான்?

"விடுங்க மாஸ்டர். நர்சரியில நாத்து விக்கறாங்க. நாலு வாங்கி ஜன்னல்ல வச்சிட்டு, முளைச்சிடுச்சுன்னு சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

பொய் மாஸ்டருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் காலையில் தூங்கப் போகாமல் நர்சரிக்குப் போனார். அங்கே பெட்டூனியா நாற்றுகள் வரிசை வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் முதல் பூ விரிந்திருந்தது.

"என்ன கலர் சார் வேணும்?" என்று கேட்டாள் விற்கிற பெண்.

மாஸ்டர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். சிவப்பா? வெள்ளையா? ஊதாவா? தன் வீட்டு ஜன்னலில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே பொய்கூடச் சொல்ல முடியும்! இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்துவிட்டு, பெண்டாட்டியை ஏமாற்றக்கூடத் துப்பில்லாமல் நிற்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குத் தலை சுற்றியது. அந்தப் பெண் பயந்துபோய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்தபடியே மனைவிக்குப் போன் போட்டார்.

"போயிடுச்சு," என்றார். "எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சு. நான் மணல் போடலை. சர்க்கரை போட்டேன்."

"என்னது?"

"சர்க்கரைப் பொடி."

"சர்க்கரையா? மண்ணுலயா?" அடுத்து வந்தது பாருங்கள் வசவு! இத்தனை காலமும் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே என்று அடக்கிவைத்திருந்த அத்தனையையும் வட்டியும் முதலுமாகக் கொட்டினாள். மாஸ்டர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டார், "அந்தப் பூ என்ன கலரு?"

"எந்தப் பூ?"

"நம்ம ஜன்னல்ல இருந்தது."

அவள் குரல் இறங்கியது. "எந்த வருஷம் இருந்தது? அந்த விதை தாய்ச்செடி மாதிரியே வராதுங்க. ஒரு வருஷம் ரோஸ் வரும், ஒரு வருஷம் ஊதா வரும், ஒரு தடவை வெள்ளையில கோடு போட்டு வந்துச்சு. என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. அதைப் பாக்கறதுக்குன்னே ஒவ்வொரு வருஷமும் விதை போடுவேன். வேற எனக்கு என்ன இருந்துச்சு அந்த வீட்டுல?"

வருஷா வருஷம் நிறம் மாறியிருக்கிறது. தலைக்கு மேலேயே மாறியிருக்கிறது. அவர் திரையை இழுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

"சரி, தட்டு எங்க?" என்றாள் அவள் திடீரென்று. "எறும்பு எல்லாத்தையும் தூக்கியிருக்காது. பத்து விதை ஒட்டிக்கிட்டிருந்தாலும் போதும். நான் கிளம்பி நேரா பேக்கரிக்கே வரேன். உங்களுக்காக இல்ல, விதைக்காக. பாத்துட்டு சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிடுவேன். அந்த மண்ணுல யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

போன் வைக்கப்பட்டது. மாஸ்டர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். மண் குப்பைத்தொட்டியில்! குப்பை வண்டி வருகிற நேரம்!

அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தைத் தெருவே நின்று பார்த்தது. வண்டி பேக்கரியின் பின்பக்கத் தொட்டிக்கு அருகில் வந்துவிட்டிருந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றார்.

"என்னய்யா தொலைஞ்சுச்சு? மோதிரமா?" என்றார் வண்டிக்காரர்.

"விதை."

"எவ்வளவு பெருசு?"

"கண்ணுக்குத் தெரியாது."

வண்டிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் நல்ல மனுஷன், மற்றத் தெருக்களை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்று போய்விட்டார். மாஸ்டர் தொட்டிக்குள் இறங்கினார். முட்டை ஓடு, புளித்த மாவு, எண்ணெய்த் தாள், இதற்கு நடுவே சிதறிக்கிடந்த ஈரமண்ணைத் தன் தடித்த கையால் பிடிபிடியாக அள்ளித் தட்டில் போட்டார். எறும்பு கடித்தது, அதையும் சேர்த்து அள்ளினார்.

மத்தியானம் அவர் நிமிர்ந்தபோது தொட்டிக்கு வெளியே மனைவி நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு கைப்பை மட்டும், மாற்றுத்துணிகூட இல்லை. இடுப்பளவு குப்பையில், மீசையில் மாவோடு நின்றவரைப் பார்த்து அவள் வாய் பிளந்தது.

"எல்லாத்தையும் அள்ளிட்டேன்," என்றார் மாஸ்டர். "ஓரத்துல மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவள் ஜன்னல் திரையை முழுசாக விலக்கினாள். மேசையில் காகிதம் விரித்து மண்ணைக் கொட்டி, ஊசிமுனையால் மாவுத் துணுக்கையும் முட்டை ஓட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து பார்த்தார். இந்த நேரத்தில் இந்த அறைக்குள் இவ்வளவு வெயில் வரும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. தூங்கினால் போய்விடுவாளோ என்று பயந்து கண்ணைக் கசக்கிக் கசக்கி விழித்திருந்தார்.

வெயில் இறங்கியது. பாதி மண்கூட முடியவில்லை. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார், பிறகு மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வந்து ஏத்திவிடறேன்."

அவள் தலையைத் தூக்கவில்லை. "இதை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? உங்ககிட்டயா? சர்க்கரை போட்ட ஆளுகிட்டயா?"

மாஸ்டர் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டார். "முளைக்கலைன்னா?"

"முளைக்கலைன்னா உங்களைத் திட்டறதுக்கு நான் இங்க இருக்க வேணாமா?"

மாஸ்டர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் பதறிப்போய் மண்ணின் மேல் கையைக் குடையாகப் பிடித்தாள்.

"அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுங்க! நீங்க விடற மூச்சுல இருக்கற விதையும் பறந்துடும்."