மஞ்சளுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் ஒரு மீனிடம் தோற்றுப்போனார்.

அந்த மீன் ஏற்கெனவே செத்திருந்தது. அதனால் தோல்வி கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான்.

தோப்பும்படி ஹார்பரில் கெளுத்தி வாங்கியிருக்கிறார். இங்கே கொச்சியில் கூரி என்பார்கள். அதன் முதுகில் ஒரு முள் உண்டு — ரம்பம் மாதிரி. மீன்காரர் வெட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். அண்ணன் வேண்டாம் என்றிருக்கிறார். வீட்டில் பையிலிருந்து எடுக்கும்போது வலது கை ஆள்காட்டி விரலில் முள் ஏறிவிட்டது. ஆழமாக.

அண்ணன் பெயர் கமால். மட்டாஞ்சேரி பஜாரில் மலைச்சரக்குக் கடை வைத்திருக்கிறார். மிளகு, சுக்கு, மஞ்சள், ஏலம், கொஞ்சம் தேன். சுக்கை எடுத்து அந்த ஆள்காட்டி விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், உள்ளே பூச்சி இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் உடைத்துப் பார்ப்பார்கள். இவர் உடைத்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் விரலில் முள் குத்தினால் என்ன செய்வார்? கடையிலிருந்தே மருந்து. மஞ்சள், பூண்டு இரண்டையும் அரைத்து, தேனில் குழைத்து, விரலில் அப்பி, மேலே வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டார். மதினி டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "குழப்பமில்ல" என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் கொச்சித் தமிழில் அதற்கு 'பரவாயில்லை' என்று அர்த்தம். பெரும்பாலும் குழப்பம் தொடங்கும்போதுதான் அதைச் சொல்வோம்.

ஏதோ பிடிவாதக்காரர், படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணனுக்கு ஒரு காரணம் இருந்தது. நியாயமான காரணம்.

அவருடைய கூட்டாளி வர்கீஸ். பக்கத்துக் கடை. காலையில் ஒன்றாகச் சாயா குடிப்பதில் தொடங்கி மாலையில் ஒன்றாக ஷட்டர் இறக்குவது வரை கூடவே இருந்தவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்ன ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். புண்ணில் கிருமி ஏறிவிட்டது. ஒரு ஆன்டிபயாடிக் போட்டார்கள், கேட்கவில்லை. இன்னொன்று போட்டார்கள், கேட்கவில்லை. அண்ணன் ஐசியு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, "எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். வர்கீஸ் வீடு திரும்பவில்லை.

ஏன் கட்டுப்படவில்லை? அதையும் அண்ணன் கேட்டுத் தெரிந்துகொண்டார். தும்மினால் ஆன்டிபயாடிக், இருமினால் ஆன்டிபயாடிக் என்று நாம் எல்லோரும் விழுங்கி விழுங்கி, கிருமிகளுக்கு அது பழகிப்போய்விட்டது. சாகாமல் தப்பியவை பெருகி, அவைதான் இப்போது நம்மோடு குடியிருக்கின்றன.

அன்றோடு அண்ணன் வீட்டில் ஆன்டிபயாடிக் நின்றது. "மருந்தை மிச்சம் பிடிக்கணும்டா. எல்லாரும் தின்னு தீர்த்துட்டா, நிஜமா வேண்டி வரும்போது எங்க போவ?" என்பார்.

இதில் என்ன தப்பு சொல்ல முடியும்? நிஜமாக வேண்டிவரும் நேரம் எது என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்.

அவருக்கு அறிவியல் ஆதாரமும் கையில் இருந்தது. மகள் ஷிஃபா எர்ணாகுளத்தில் ஒரு காலேஜில் மைக்ரோபயாலஜி சொல்லிக்கொடுக்கிறாள். பூண்டு கிருமியைக் கொல்லுமா கொல்லாதா என்று அப்பாவுக்கும் மகளுக்கும் ஒருமுறை வாக்குவாதம் வந்து, அவள் லேபில் செய்தே பார்த்துவிட்டாள். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கலாக இருந்தது. பூண்டுச் சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு தெளிந்த வட்டம். அங்கே ஒன்றும் வளரவில்லை. தேனுக்கும் ஒரு வட்டம் இருந்தது, கொஞ்சம் சின்னது. மஞ்சளுக்கு வட்டமே இல்லை. மஞ்சளைப் பற்றி அண்ணன் அப்புறம் பேசவில்லை.

பூண்டு வட்டத்தின் ஃபோட்டோவைப் பிரின்ட் போட்டுக் கடையில் ஒட்டிவிட்டார்.

இந்தப் பின்னணியோடுதான் செவ்வாய்க்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு சுள்ளிக்கல்லில். அண்ணன் ஹாலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், நல்ல காய்ச்சல். விரல் ஒரு செவ்வாழைப் பழம் அளவுக்கு இருந்தது. சுகர் வேறு உள்ளவர்.

நான் ஷிஃபாவுக்கு ஃபோன் செய்தேன். பக்கத்தில் வல்லார்பாடத்தில்தான் அவள் புகுந்த வீடு. காலேஜிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள். வந்ததும் துணியை அவிழ்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கை முழுக்கப் பூசியிருந்த மஞ்சளைக் கழுவ ஆரம்பித்தாள்.

மஞ்சளில் ஒரு பிரச்சினை உண்டு. பூசினால் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். கழுவக் கழுவ, அடியில் இருந்த நிறம் தெரிந்தது. விரல் கருஞ்சிவப்பு. புறங்கை சிவப்பு. அங்கிருந்து மணிக்கட்டைத் தாண்டி முழங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு. பேனாவால் இழுத்த மாதிரி.

ஷிஃபாவின் கை நின்றது.

"அத்தா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நாளைக்குப் பாக்கலாம் மோளே. பூண்டு வேலை செய்யும். நீயே காட்டினல்ல?"

"தட்டுல காட்டினேன். தட்டுல ஃபினாயில் ஊத்தினாலும்தான் சாகும்."

"ஃபினாயில் நான் விக்கிறதில்ல."

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. சொல்லும்போது அவருக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

ஷிஃபா தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். கிளாஸ் எடுக்கிற குரலிலேயே சொன்னாள். பூண்டுச் சாறு தோலுக்கு மேலே இருக்கிறது, கிருமி உள்ளே ஆழத்தில் இருக்கிறது. பூண்டில் கிருமியைக் கொல்கிற சரக்கு அரைத்த கொஞ்ச நேரத்தில் சிதைந்து போய்விடும். மிச்சமிருக்கும் காரம் தோலைத்தான் பொசுக்கும்.

"அது உள்ள என்ன செஞ்சிட்டிருக்கு தெரியுமா?"

"என்ன செய்யுது?"

"சாப்பிடுது. சாப்பிட்டுப் பெரிசாகுது. உள்ள இருக்கிற மரபுச் சரட்டை அப்படியே இன்னொரு காப்பி எடுத்துக்குது. நடுவுல ஒரு சுவர் கட்டுது. ரெண்டாப் பிரியுது. அவ்வளவுதான் அத்தா அதோட வாழ்க்கை."

கல்யாணம் இல்லை, சீர் இல்லை, மண்டபத்துக்கு அலைச்சல் இல்லை. நல்ல சூடும் சாப்பாடும் கிடைத்தால் அரை மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும்... அண்ணன் வியாபாரி. வாய்க்கணக்கில் இந்த பஜாரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தார். பாதியில் விட்டுவிட்டார்.

"இது எப்ப நிக்கும்?" என்றார்.

"சாப்பாடு தீரும்போது."

"எது சாப்பாடு?"

"நீங்கதான் அத்தா."

அண்ணன், சட்டை எங்கே என்று மதினியிடம் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சர்ஜன். கையைப் பார்த்ததும், "எந்தா இக்கா, இத்ர வைகியே?" என்றார். இவ்வளவு தாமதமா என்று. அன்றைக்கே விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். உள்ளே தசைநார் வரைக்கும் போயிருந்ததாம். விரலைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றுதான் சர்ஜன் சொன்னார். 'பார்க்கிறோம்' என்ற வார்த்தையை ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறீர்களா? அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றாது.

சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். அதாவது அந்தக் கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். ரிசல்ட் வரும்வரை உத்தேசமாக ஒரு ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காத்திருப்புதான் மோசம். அண்ணன் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மதினி கேன்டீனுக்குப் போன நேரத்தில் என்னிடம் கேட்டார்.

"எந்த மருந்தும் கேக்கலைன்னு சொன்னா?"

"அப்படிச் சொல்ல மாட்டாங்கண்ணே."

"வர்கீஸுக்கும் நான் இதையேதான்டா சொன்னேன். 'அப்படிச் சொல்ல மாட்டாங்க'ன்னு."

அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் கையைப் பிடித்துக்கொள்வதெல்லாம் வழக்கமில்லை. மதினி வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

ரிசல்ட் வந்தது. ஷிஃபா படித்தாள். நம் எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கிற ஒரு கிருமிதானாம். உருண்டை உருண்டையாக, திராட்சைக் குலை மாதிரி வளர்வது. மீன்முள் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, இது உள்ளே நுழைந்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற சில மாத்திரைகளுக்கு அது சாகவில்லை. ஒரு பழைய மருந்துக்குச் சாகிறது.

"இன்னொரு தடவை படி" என்றார் அண்ணன்.

படித்தாள்.

"சாகுதா?"

"சாகுது அத்தா. பென்சிலின் குடும்பத்து மருந்து. அது பிரியும்போது சுவர் கட்டுதுன்னு சொன்னேன்ல? அந்தச் சுவரைக் கட்ட விடாது. நம்ம உடம்புல அந்த மாதிரிச் சுவர் கிடையாது. அதனால நம்மளை விட்டுடும்."

"இந்த மருந்து எதுலேர்ந்து வருது?"

"முதல்முதல்ல பூஞ்சைலேர்ந்து எடுத்தாங்க. ரொட்டியில பூக்குமே, அதோட சொந்தக்காரன்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப இது நாட்டு மருந்துதான்."

"ஆரம்பம் நாடு. மீதி ஃபேக்டரி" என்றாள் ஷிஃபா.

அவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், பூஞ்சையில் எடுக்கிற பச்சிலை மாதிரி ஒரு மருந்து, ஊசியாகப் போடுகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை. ஊசியை மறுக்காமல் போட்டுக்கொண்டாரே, அது போதாதா?

காய்ச்சல் இறங்கியது. கோடு முழங்கைக்கு ஏறாமல் மெல்ல மங்கி மறைந்தது. அப்புறம் புண் ஆறத் தாமதமானபோது, டிரெஸ்ஸிங் செய்ய வந்த நர்ஸ் ஒரு டியூபைப் பிதுக்கினார். என்ன அது என்று கேட்டால்... தேனாம். புண்ணுக்கென்றே கிருமி நீக்கித் தயாரித்த தேன். தேனில் இருக்கும் சர்க்கரை கிருமியிடமிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும், தேனிலுள்ள லேசான புளிப்பும் கிருமிக்கு ஆகாது. அதனால் மேல்புண்ணுக்கு உதவும் என்றார்.

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே கடையிலிருந்து ஒரு பாட்டில் வரவழைத்துவிட்டார். நர்ஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விரல் தப்பியது. ஆனால் முழுதாக இல்லை. நுனி மடங்குவதில்லை, உணர்ச்சியும் சரியாகத் திரும்பவில்லை. கடைக்குப் போன முதல் நாள் ஒரு சுக்கை எடுத்து அழுத்திப் பார்த்தார். திரும்பவும் அழுத்தினார். பிறகு இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அது இன்னும் பழகவில்லை. இப்போதெல்லாம் உடைத்துத்தான் பார்க்கிறார். உடைக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இதையெல்லாம் யோசித்தால், அண்ணன் பயந்தது சரிதான் என்றே படுகிறது. மருந்தை மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் மிச்சம் பிடிப்பது என்றால், வேண்டாத இடத்தில் தொடாமல் இருப்பது. வேண்டிய இடத்தில் தயங்குவதல்ல. பூண்டுக்கும் தேனுக்கும் சக்தி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சக்தி இருப்பது வேறு, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது வேறு. மனிதர்களிலும் பலர் அப்படித்தானே?

போன வாரம் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெரு ஜெசி சேச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். நல்ல ஜலதோஷம்.

"கமாலிக்கா, ஆஸ்பத்திரியில கொடுத்த ஆன்டிபயாடிக் மீதி இருந்தா ரெண்டு தாங்க."

"மீதி இல்ல சேச்சி. சொன்ன நாள் வரைக்கும் முழுசாத் தின்னு முடிச்சாச்சு. இருந்தாலும் தர மாட்டேன். உங்களுக்கு வந்திருக்கிறது வைரஸ். அதுக்கு அந்த மருந்து கேக்காது."

"அப்ப என்னதான் செய்யிறது?"

அண்ணன் அலமாரியைப் பார்த்தார்.

"சுக்கு மிளகுக் காப்பி போட்டுக் குடிங்க. அதனால ஜலதோஷம் மாறாது. தொண்டைக்குக் கொஞ்சம் சுகமா இருக்கும், அவ்வளவுதான். அதுவா மாறிடும். காய்ச்சல் விடாம அடிச்சா, மூச்சு முட்டினா டாக்டர்கிட்டப் போங்க. மூணு நாள் என்னை மாதிரி உக்காந்திருக்காதீங்க."

இத்தனை வருஷ வியாபாரத்தில் தன் சரக்கைப் பற்றி அவர் குறைத்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

சேச்சி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.