மதினி வெட்டிக் கொடுத்த பேப்பர்

தூத்துக்குடியில் நான் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்காத டெய்லர் கடை இல்லை. யார் தைத்தாலும் இடது தோள் நழுவும். துணியைத் திருடுகிறார்கள் என்பது என் கட்சி. மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி அளந்தும் பார்த்திருக்கிறேன். சரியாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அவள் தன் முதல் சம்பளத்தில் எனக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தந்தாள். ப்ளவுஸ் துணி சேலையோடு சேர்ந்தே வந்தது. கெட்டுப்போனால் அதே துணி வேறெங்கும் கிடைக்காது. அதை எவரையும் நம்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை. நானே தைப்பது என்று முடிவெடுத்து, நாசரேத்தில் இருக்கும் அண்ணன் மனைவியிடம், துணிமேல் வைத்து வெட்டுவதற்குப் பேப்பர் கட்டிங் கேட்டேன். மதினி தன் துணிமணியைத் தானே வெட்டித் தைப்பவள். அளவு ப்ளவுஸ்கூடக் கேட்காமல், பிரவுன் தாளில் எனக்கென்று வெட்டி உடனே அனுப்பிவிட்டாள். அங்கேதான் எனக்கு இடித்தது. மீன்குழம்புக்குப் பக்குவம் கேட்டால்கூட ஒரு சாமானை மறைத்துச் சொல்கிறவள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

தாளை விரித்தேன். ப்ளவுஸுக்குப் பாதி உடம்பு வெட்டினால் போதும். துணியை இரண்டாக மடித்து வெட்டிக்கொள்ளலாம். அதுதான் வழக்கம். இவளோ இடது வலது இரண்டையும் தனித்தனியாக வெட்டியிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. முதுகுத் தாளை நடுவில் மடித்தேன். அதுவும் அப்படியே. சம்பந்தி வீட்டார் முன்னால் நான் கோணல் ப்ளவுஸோடு நிற்க வேண்டும், அதுதானே இவள் ஆசை?

இடது பக்கத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். துணியை மடித்து, கடல்காற்றில் தாள் பறக்காதபடி மூலைக்கொரு சங்கு வைத்து, வலது பக்கத்தின்படியே முன்னும் பின்னும் ஒன்றுபோல வெட்டினேன்.

தைத்து முடிக்க நிச்சயத்தன்று காலை ஆகிவிட்டது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். இடது தோள் நழுவியது. வெட்டியதும் நான், தைத்ததும் நான், திட்ட ஆளில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய மதினி, என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு ஊசி நூல் கேட்டாள். இடது தோள் தையலைப் பிரித்து, ஒரு விரல்கடை உள்ளே பிடித்துத் தைத்தாள்.

"ஒனக்கு எடது தோளு கொஞ்சம் எறக்கம்ளா," என்றாள். "நேருல சொன்னா சண்டைக்குல்லா வருவ. அதான் பேப்பர்லயே வெட்டிக் குடுத்தேன்."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். என் கல்யாணத்தன்றே தெரியுமாம்.

ப்ளவுஸ் முதன்முறையாகத் தோளில் ஒட்டி உட்கார்ந்தது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. எல்லாரும் போனபின் பீரோவைத் திறந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் மாலை இடப்பக்கமாகச் சரிந்துதான் கிடக்கிறது. இத்தனை வருஷமும் அதற்குப் போட்டோக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.